பனையும் மூங்கிலும் தசைநாரும்: வில் செய்யும் மரபுகள்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மரக்கதவு உப்பி நிலையைக் கவ்விக்கொள்ளும். உப்பு ஜாடியில் நீர் கோக்கும். கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் என்று நீர்நிலைகள் நெருங்கிக் கிடக்கும் பகுதி இது. இங்கே ஒருவர் மர வில்லின் முதுகில் தசைநார் ஒட்டிப் பழைய முறையில் வில் செய்ய உட்கார்ந்தால், உளியைத் தேடுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். எந்த மாதத்தில் ஒட்டுவது, எவ்வளவு காலம் உலர விடுவது, எப்போது தொடாமல் வைப்பது என்பவை அந்தக் கலையில் பாதி. உலகின் வில் மரபுகள் வெவ்வேறு பள்ளிகளாகப் பிரிந்ததற்கும் கையில் கிடைத்த மரமும் தலைக்கு மேலிருந்த வானமுமே பெருங்காரணம்.

வில்லை வளைக்கும்போது எய்பவரைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது; இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடுகிறது. முன்னதை வயிறு, பின்னதை முதுகு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மரங்கள் தம் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டாலே முறியும் எல்லையை நெருங்கிவிடும். முதுகில் ஒரு கணு இருந்தாலோ, செதுக்கும்போது இழை அறுபட்டிருந்தாலோ, அதற்கு முன்பே சிம்பு கிளம்பும். விலங்கின் பின்னங்காலிலும் முதுகுத்தண்டை ஒட்டியும் கிடைக்கும் தசைநார் அதைவிடப் பலமடங்கு நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். அதை முதுகில் ஒட்டினால், நீளமான மரம் மட்டுமே தாங்கக்கூடிய வளைவைக் குட்டையான மரமும் தாங்கும். குதிரை மேலிருந்து எய்தவர்களுக்கும் புதருக்குள் பதுங்கி எய்தவர்களுக்கும் குட்டை வில் தேவைப்பட்டது. தசைநார் மரபு அவர்களிடையேதான் செழித்தது.

செய்முறை பொறுமையைக் கேட்கும். காய்ந்த தசைநாரை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இழை இழையாகப் பிரித்து, கொழுப்புப் போகக் கழுவி, சீப்பால் வாரிச் சிறு கற்றைகளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பசை, தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோல் பசை. அதை நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 60 டிகிரி சூட்டில் கரைக்க வேண்டும். கொதித்துவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். கற்றைகளைப் பசையில் தோய்த்துப் பிழிந்து, கைப்பிடியிலிருந்து இரு முனைகளை நோக்கி, செங்கல் வரிசை கட்டுவதைப் போல இணைப்பு மேல் இணைப்பு விழாமல் படுக்க வைக்கிறார்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. உலர உலரத் தசைநார் சுருங்கி மரத்தைத் தன் பக்கம் இழுக்கும். வாரங்கள் போனபின், நாண் பூட்டாத வில் எதிர்ப்புறமாக வளைந்து நிற்கும். நாண் ஏற்றுவதற்கு முன்பே வில்லுக்குள் விசை ஏறிவிட்டது என்பதற்கு அந்த எதிர்வளைவே சாட்சி.

இந்த மரபை நவீன உலகம் நெருங்கிப் பார்த்தது ஒரு தனி மனிதரின் கைகளில். 1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஒரோவில் ஊருக்கு அருகே, யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒருவர் வந்து சேர்ந்தார். அவரை இஷி என்று அழைத்தார்கள். 1916 மார்ச்சில் காசநோயால் இறக்கும்வரை சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துவைத்தார். மலை ஜூனிபர் மரம், மான் தசைநார், சால்மன் மீனின் தோலைக் காய்ச்சிய பசை ஆகியவை இஷியின் பொருள்கள். தசைநாரை வாயில் மென்று பதப்படுத்தினார். அளவுகோல் எதுவும் அவரிடம் இல்லை. நீட்டிய கையின் விரல் நுனியிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை உள்ள நீளமே வில்லின் நீளம். வில் எய்பவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்ற தரம் இதைவிடத் தெளிவாக எங்கும் வெளிப்பட்டதில்லை.

அடுத்த படி கூட்டு வில். நடுவே மெல்லிய மரம், முதுகில் தசைநார், வயிற்றில் எருமைக் கொம்பு. துருக்கியர், மங்கோலியர், மஞ்சூரியர், கொரியர் என்று ஆசியாவின் பெரும்பகுதியில் பரவிய பள்ளி இது. முகலாயர் காலத்தில் வட இந்தியாவில் கமான் என்ற பெயரில் உச்சம் கண்டது. அதைச் செய்தவர்கள் கமாங்கர்கள். துப்பாக்கி வந்து வில்லுக்குத் தேவை இல்லாமல் போனபின், குஜராத்தின் கட்ச் பகுதியில் இருந்த கமாங்கர்கள் சுவரோவியம் வரையும் தொழிலுக்கு மாறினார்கள். இன்று கமாங்கரி என்றால் கட்ச்சில் ஓவியப் பாணி. ஒரு போர்க் கைத்தொழிலின் விரல் நுட்பம் தூரிகைக்கு இடம் மாறிப் பிழைத்தது. வில்லைச் செய்யும் அறிவு அந்தக் குடும்பங்களோடு தொடரவில்லை. இந்திய வில் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்பு குறைவு.

தசைநாருக்கும் தோல் பசைக்கும் ஈரம் ஆகாது. இரண்டும் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தொய்யும். பசை இளகினால் அடுக்கு பிரியும். கொரியாவில் மழைக்காலத்தில் கொம்பு வில்லைக் கதகதப்பான பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்நாடு வில், அம்பு செய்யும் தொழிலையே 1971-இல் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. இந்தியாவில் இன்னொரு தீர்வு கண்டார்கள்: முழுவதும் எஃகால் ஆன வில். கொம்பு வில்லின் வேகம் அதற்குக் கிடையாது. ஆனால் ஆயுதச் சாலையில் எத்தனை மழைக்காலம் கிடந்தாலும் எடுத்தவுடன் நாண் பூட்டலாம். மழையும் புழுக்கமும் மிகுந்த ஜப்பான் தசைநாரையே நாடவில்லை. மூங்கில் பட்டைகளுக்கு நடுவே மரம் வைத்து ஒட்டி, பிரம்பு சுற்றி, 2 மீட்டருக்கும் மேல் நீண்ட வில்லைச் செய்தது. சென்னையின் மேற்குப் புறநகரில் வில் செய்ய நினைப்பவர் மங்கோலியாவைவிட ஜப்பானிடம் கற்க வேண்டியது அதிகம்.

ஜப்பான்வரை போக வேண்டியதுகூட இல்லை. மைசூரில் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து 1909-இல் அச்சிட்ட அர்த்தசாஸ்திரம், ஆயுதச் சாலைத் தலைவரின் கடமைகளைச் சொல்லுமிடத்தில் வில்லை நான்காக வகுக்கிறது: பனையில் செய்தது, மூங்கிலில் செய்தது, மரத்தில் செய்தது, கொம்பில் செய்தது. பனை முதலில் நிற்கிறது. நாணுக்குச் சொல்லும் பொருள்களில் எருக்கு நார், சணல், மூங்கில், தசைநார் எல்லாம் இருக்கின்றன. கிரேக்க ஆசிரியர் அர்ரியன் எழுதிய இந்திகா, இந்தியக் காலாட்படை வீரரின் வில் ஆள் உயரம் இருந்தது என்றும், அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் மிதித்து நாணை இழுத்தார்கள் என்றும் விவரிக்கிறது. குட்டை வில்லுக்கு நேர் எதிரான பள்ளி இது. மரத்தைத் தசைநாரால் காப்பதற்குப் பதிலாக நீளத்தால் காத்தார்கள். அந்த வழியில் பசையே தேவையில்லை.

தமிழகத்தின் இடம் இந்த நெடுவில் மரபுக்குள்தான் என்று கருத வலுவான காரணங்கள் உண்டு. சேரர் இலச்சினை வில். அவர்கள் காசுகளிலும் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டன. கொல்லிமலை ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியது பலரும் அறிந்தது. புலவரின் மிகையைக் கழித்தாலும், இழுவிசை மிகுந்த வில்லைத்தான் அக்காலத்தார் போற்றினார்கள் என்பது தெளிவு. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரர்கள் இடக்கையில் வில்லோடு நிற்கிறார்கள். வில்லின் உருவம் தேடும் கைவினைஞருக்கு அந்தக் கற்கள் நல்ல பாடம். இதிகாசங்களைப் படமாக்கிய நாட்காட்டிகளில் வரும் அலங்கார வில் அந்த அளவுக்கு உதவாது.

உயிரோடு இருக்கும் தமிழ் வில் ஒன்று உண்டு: வில்லுப்பாட்டு வில். நெல்லை, குமரி மாவட்டங்களில் வைரம் பாய்ந்த பனையிலிருந்து அதைச் செதுக்குகிறார்கள், நாண் தோல்வார். அதில் அம்பு ஏறாது, வீசுகோல்தான் விழும். ஆனாலும் பனையை எங்கே பிளப்பது, எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், எவ்வளவு வளைத்தால் நிற்கும் என்ற அறிவு அந்தக் கைகளில் இன்னும் இருக்கிறது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வழியில் வில்லிசையைச் சென்னை மேடைகளில் நிலைநிறுத்திய சுப்பு ஆறுமுகம் 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் மறைந்தார். பாடியவரைக் கொண்டாடியது சரி. அந்த வில்லைச் செதுக்கியவர் யார் என்று கேட்டுப் பதிவு செய்யும் வேலை இன்னும் போதிய அளவு நடக்கவில்லை.

பனையின் வலு தண்டின் வெளிவட்டத்தில் இருக்கிறது. உள்ளே போகப் போகச் சோறு. மூங்கிலிலும் அப்படியே, இழைகள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும். ஆகவே மூங்கில் வில்லில் தோல்பக்கம் முதுகாக வர வேண்டும், அதை இழைக்கவே கூடாது. மத்திய இந்தியாவின் பீல் மக்கள் வில்லை மட்டுமல்ல, நாணையும் மூங்கிலில் கிழித்துக்கொள்கிறார்கள். வயநாட்டுக் குறிச்சியர் பழங்குடியினர் தலக்கல் சந்துவின் தலைமையில் 1802-இல் பனமரம் கோட்டையைப் பிடித்தபோது பிரிட்டிஷாரின் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றவை வில்லும் அம்பும்தாம். பூடானில் இரண்டு மூங்கில் துண்டுகளைக் கைப்பிடியில் இணைத்துச் செய்த வில்லால் சுமார் 140 மீட்டர் தூர இலக்கை அடிக்கிறார்கள். தசைநார் இல்லாததால் வில் தரம் தாழ்ந்தது என்று சொல்பவர்கள் பாரோ பள்ளத்தாக்கில் ஒரு போட்டியைப் பார்க்க வேண்டும்.

எந்தப் பள்ளியானாலும் தரம் பார்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சுவரில் முளையடித்து வில்லின் நடுவை அதில் ஏற்றி, நாணைக் கயிற்றால் மெல்லக் கீழே இழுத்து, எட்ட நின்று பார்க்க வேண்டும். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைகின்றனவா? ஓரிடத்தில் மட்டும் முழங்கால்போல் மடங்குகிறதா? மடங்காமல் விறைத்து நிற்கும் இடத்தில்தான் சுரண்ட வேண்டும். மடங்கும் இடத்தை உப்புத்தாள்கூடத் தொடக் கூடாது. நாண் வில்லின் நடுக்கோட்டில் ஓடுகிறதா என்பது அடுத்தது. நாண் மாட்டும் காடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வில் கையில் திருகும். இழுவிசையை 28 அங்குல இழுப்பில் பவுண்டு கணக்கில் அளப்பது இன்றைய வழக்கம்; கற்பவருக்கு 30 பவுண்டு போதும். நாணைக் கழற்றியபின் வில் எவ்வளவு வளைந்தே நிற்கிறது என்பதே கடைசிச் சோதனை. அதிகம் வளைந்து நின்றால் மரம் சோர்ந்துவிட்டது என்று பொருள். பலரும் இழுவிசை எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். இந்தக் கடைசிச் சோதனையில் தேறும் 35 பவுண்டு வில், தேறாத 60 பவுண்டு வில்லைவிட மேல்.

பொருள் தேடும்போது சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் கொம்பும் மான் தசைநாரும் வைத்திருப்பதே குற்றம். வில்லால் காட்டு விலங்கை எய்வதும் குற்றம். ஆட்டுத் தசைநாரும் மாட்டுத் தசைநாரும் இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் கிடைக்கும். மாட்டுக்காலில் எடுத்தது நீளமானது, வேலைக்கு வசதி. பனை நம் மாநில மரம்; அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. எனவே பச்சை மரத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

முதல் வில்லைச் சிலம்பக் கம்புக்கு ஏற்ற கல்மூங்கிலில் செய்யுங்கள். முறிந்தால் இழப்பு சிறிது. இரண்டு மூன்று வில் ஒழுங்காக வளைந்தபின் தசைநாருக்கு வாருங்கள். மாசியில் ஒட்டத் தொடங்கினால் வைகாசி வெயில்வரை உலர இடம் கிடைக்கும். புரட்டாசிக்குள் மெழுகோ வார்னிஷோ பூசி முடித்து, நாணைக் கழற்றி, ஈரச்சுவரில் சாய்க்காமல் உயரத்தில் படுக்க வையுங்கள். கார்த்திகை முடியும்வரை அந்த வில்லை வளைக்க வேண்டாம்.