சாய்வுகளின் ஒப்பீடும் சமூக நோக்கும்

இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி பற்றிய விவாதம் 1970கள் முதலாகப் பெரும்பாலும் எண்களின் மொழியிலேயே நடைபெற்று வந்துள்ளது. 1971ஆம் ஆண்டு அனுமதியிற் பொறியியல் துறைக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. இது வெளிப்படையான அநீதி. இதனை நிறுவப் புள்ளிவிபரவியற் சோதனை எதுவும் வேண்டியதில்லை. ஆயின், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபின் மாவட்டமே ஒப்பீட்டின் அலகாயிற்று. சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது.

பாடசாலை வசதி கூடுந்தோறும் பரீட்சைப் புள்ளி எவ்வளவு உயர்கின்றது என்பதைக் காட்டுவது பிற்செலவுக் கோட்டின் சாய்வு. இன்றைய 25 மாவட்டங்களுக்கும் தனித்தனிக் கோடு வரைந்து சாய்வுகளைச் சோடி சோடியாக ஒப்பிடின் 300 ஒப்பீடுகள் எழும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து என்னும் வழமையான தவறெல்லையைக் கொண்டால், உண்மையில் வேறுபாடே இல்லாதவிடத்தும் சராசரியாக 15 சோடிகள் வேறுபட்டனவாகத் தோன்றும். அவற்றுள் உவப்பானதைப் பொறுக்கி, ஒரு பிரதேசத்தார் இயல்பிலேயே கெட்டிக்காரர் என முடிபு கூறுவது ஆய்வன்று.

இதற்குப் பரிகாரமாகக் கூறப்படும் பொன்பரோனித் திருத்தம் 0.05ஐ 300ஆல் வகுக்கச் சொல்கின்றது. ஆயின் அக்கடுமையில், தரவு குறைந்த பின்தங்கிய மாவட்டங்களின் மெய்யான இழப்பும் மறைந்துவிடலாம். 'வேறுபாடு நிறுவப்படவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' எனத் திரிப்பது ஆள்வோருக்கு வாய்ப்பானது. எனவே, சாய்வுகள் யாவும் சமமா என முதலில் ஒருங்கே சோதித்தல் வேண்டும். பின்னர், தரவைக் காணுமுன்பே கோட்பாட்டடிப்படையில் தெரிந்த சில ஒப்பீடுகளை மட்டும் நடத்துதல் வேண்டும். அவை நான்காயின் வகுக்கும் எண்ணும் நான்கே.

எவற்றை ஒப்பிடுவது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. பருத்தித்துறையில் 1838இல் தோன்றிய ஹாட்லிக் கல்லூரியும் வடமராட்சிக் கரையோரத்துச் சிறு பாடசாலைகளும் யாழ்ப்பாணம் என்னும் ஒரே மாவட்டத்துள் அடங்குவன. மாவட்டச் சாய்வு, உத்தியோகத்தர் பிள்ளையையும் கடற்றொழிலாளியின் பிள்ளையையும், சாதியால் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிடுகின்றது. இவர்களிடையேயுள்ள வர்க்க, சாதி வேறுபாட்டை எத்திருத்தமும் மீட்டுத் தராது. ஏனெனில் அந்த 300 ஒப்பீடுகளுள் அது இடம்பெறவேயில்லை.

தமிழர் என்ற வகையில் மாவட்ட ஒதுக்கீட்டை எதிர்த்த நாம், மாவட்டம் என்னும் அலகையே நமது ஆய்விலும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வது முரண்பாடாகும்.