மல்லருள் முதல்வன் யார்?

போர்க்கலையில் தலைசிறந்தவர் யார் என்பது ஓயாத வழக்கு. சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் நால்வர் கூடினால் நான்கு பெயர்கள் எழும். முதியவர் தாராசிங் என்பார். அவர் அருகிருப்பவர் கிங்காங் என்பார். நடுத்தர வயதினர் புரூஸ் லீயை விட்டுக்கொடார். இளைஞரோ, "அவர்களுக்கெல்லாம் ஆசான் நம் போதிதருமர்" என்று கூறி, வழக்கை முடித்துவிட்டதாக எண்ணி எழுந்து செல்வர். ஆயினும் மறுவாரம் அதே வழக்கு மீண்டும் எழும். அது ஏன் முடிவதில்லை என்று ஆராய்வதும், இதில் தமிழ் இலக்கியம் சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா என்று காண்பதும் பயனுடையன.

சிங்கப்பூருக்கு இவ்வழக்கு புதிதன்று. சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே 1923ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற நியூ வேர்ல்டு பூங்கா, குத்துச்சண்டைக்கும் மற்போருக்கும் பெயர் பெற்ற களமாக விளங்கியது. 1987இல் அது மூடப்பட்டது. அதன் வாயில் மட்டும் இன்று சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியின் முன் நினைவுச் சின்னமாக நிற்கிறது. கிம் செங் சாலையிலிருந்த கிரேட் வேர்ல்டு பூங்காவும் இத்தகையதே. பஞ்சாபிலிருந்து 1947இல் சிங்கப்பூர் வந்த தாராசிங், இங்குப் பீப்பாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, கிரேட் வேர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங்கிடம் மற்போர் பயின்றவர். அவரோடு பலமுறை பொருத கிங்காங் என்னும் எமில் சாயா, 1970இல் இந்நகரிலேயே உயிர் துறந்தார். ஆகவே முதியோர் இவ்விருவர் பெயரையும் சொல்லும்போது செவிவழிச் செய்தியைச் சொல்லவில்லை. கண்ணாற் கண்டதைச் சொல்கின்றனர்.

எனினும் கண்டது யாது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்பெற்ற தொழில்முறை மற்போர்களுள் முடிவு முன்னரே பேசி வைக்கப்பட்டவை பல உண்டு என்பது உலகறிந்த செய்தி. புரூஸ் லீயின் பெரும்புகழோ திரைப்படத்தால் வந்தது. திரையில் ஒருவன் பத்துப்பேரை வீழ்த்துவது கலைதான். ஆனால் அது போட்டியின் முடிவாகாது. மேலும், மல்லனையும் குத்துச்சண்டை வீரனையும் சிலம்பாட்டக்காரனையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. பற்றிப் புரட்டுவோன் கலை வேறு. குத்தி வீழ்த்துவோன் கலை வேறு. கோல் சுழற்றுவோன் கலை வேறு. விதி வேறுபட்டால் வெற்றியின் பொருளும் வேறுபடும். ஆகவே, "எல்லாக் காலத்துக்கும் எல்லாக் கலைக்கும் ஒருவன்" என்று தேடுவோர் இல்லாததைத் தேடுகின்றனர்.

ஆயினும் ஒரு கலைக்குள் நின்று மதிப்பிட வழியுண்டு. அதற்கு மூன்று கேள்விகள் வேண்டும். எதிர்த்து நின்றவன் யார்? வென்ற முறை யாது? அதனைக் கண்டு சொன்னவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தரும் வீரனே புகழுக்கு உரியவன். காமா பயில்வான் என்று வழங்கப்பெற்ற குலாம் முகமதுவை எடுத்துக்கொள்க. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் இலண்டனில் அவர் போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவோடு பொருதார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்த அப்போர் முடிவின்றி நின்றது. மறுபோருக்குக் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. பின்னர் 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதபோது, ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். எதிரியின் பெயர் உண்டு, இடம் உண்டு, நேரம் உண்டு, பார்த்தவர் பல்லாயிரவர். காமாவை முதல்வர் என்போர் வெறும் ஆர்வத்தால் மட்டும் அவ்வாறு கூறவில்லை.

இக்கேள்விகளைப் போதிதருமர் செய்தியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். காஞ்சிப் பல்லவர் குலத்து இளவரசர் ஒருவர் சீனம் சென்று ஷாவோலின் மடத்தில் போர்க்கலையைத் தொடங்கி வைத்தார் என்பது இன்று பரவலாகப் பேசப்படுவது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படத்துக்குப் பின் இது மாணவர் நாவிலும் ஏறிவிட்டது. ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, கி.பி. 547ஆம் ஆண்டை ஒட்டி யாங் சுவான்சி எழுதியது; அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தன்லின் என்பவர் குறிப்பு அவரைத் தென்னிந்தியர் என்றும் அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்றும் கூறுகிறது. கி.பி. 645இல் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறும் அவரைத் தென்னிந்தியர் என்றே கூறும். இவற்றுள் எதிலும் போர்க்கலை பற்றிய பேச்சே இல்லை. அவரையும் ஷாவோலின் உடற்பயிற்சியையும் இணைக்கும் 'யிசின் சிங்' என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இடையே ஓராயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்நூலின் முன்னுரைகள் பின்னோர் புனைந்தவை என்பதைச் சீன அறிஞர்களே எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதனால் போதிதருமர் பெருமை குறையாது. அவர் தியான நெறியின் ஆசான். அப்பெருமையே அவருக்குப் போதும். அவர் தென்னாட்டினர் என்பதற்கும் பழைய சான்று உண்டு. குறைவது நம் வாதத்தின் வலிமையே. சீன நண்பனோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் தமிழ் மாணவன், "உங்கள் கலையைத் தந்தவர் எங்களவர்" என்று பெருமிதத்தோடு கூறி, "சான்று எங்கே?" என்று நண்பன் கேட்கும்போது திரைப்படத்தைக் காட்டினால், அவன் தலைகுனிய நேரும். அத்தலைகுனிவுக்கு அவன் காரணன் அல்லன். உறுதியான சான்று கைக்கெட்டும் இடத்தில் இருக்க, அதை அவனுக்குக் காட்டாது விட்ட நாமே காரணம்.

இனித் தமிழகத்துக்குள் வருவோம். மல்லன் என்றவுடன் பலர் நினைவில் எழுபவன் மாமல்லன். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனின் விருதுப்பெயர் அது. பெருமல்லன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' அவனைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. கி.பி. 642ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்ற பெருவீரன் அவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் படை நடத்தி நகரை வெல்வது வேறு. களத்தில் இறங்கி ஒருவனைத் தோளால் வெல்வது வேறு. அவன் யாரோடு மற்போர் புரிந்தான், எவ்வாறு வென்றான் என்பதற்கு விருதுப்பெயர் விடை கூறாது. விருது புகழைத்தான் சொல்லும். வென்ற முறையைச் சொல்லாது.

சங்க இலக்கியம் இதனினும் நெருங்கிய சான்று தருகிறது. அகநானூற்று 386ஆம் பாட்டில் பரணர், பாணன் என்னும் மல்லனுக்கும் ஆரியப் பொருநன் என்பானுக்கும் நிகழ்ந்த போரை உவமையாகக் கையாள்கிறார். பாணனின் மார்வலிக்கு ஆற்றாது ஆரியப் பொருநன் தோள் முறிந்து வீழ்ந்தான். அவன் கிடந்த கிடையைக் கண்டு கணையன் நாணினான் என்பது செய்தி. எதிரியின் பெயர் உண்டு. வென்ற முறை ஓரளவு உண்டு. கண்டு நாணியவன் பெயரும் உண்டு. ஆனால் பரணர் இதனைப் போகிற போக்கில் சொல்கிறார். அவர் உள்ளம் பற்றிய பொருள் தலைவியின் நாணம். மற்போர் அதற்கு உவமையாய் வந்து மறைகிறது.

மற்போரையே பொருளாகக் கொண்டு பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 80 முதல் 85 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. பாடப்பெற்றவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை. பின் மூன்றும் நக்கண்ணையார் பாடியவை. ஒரே வீரனை இருவர் கண்டு பாடியிருப்பதே இச்சான்றின் முதற்சிறப்பு.

80ஆம் பாட்டில் களம் ஆமூர். எதிர்த்தவன் அவ்வூர் மல்லன். கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்தி நிற்கிறது. மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகின்புறம் வளைந்து நிற்கிறது. இங்குப் புலவர் "வென்றான்" என்று வாளா கூறிச் செல்லவில்லை. வென்ற பிடியையே எழுதிக் காட்டுகிறார். மற்போர் பயின்ற ஒருவன் இப்பாட்டைக் கேட்டால் அந்நிலையைத் தன் உடலால் நின்று காட்டிவிடலாம். அடுத்து வரும் உவமை, பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயன்று இருபுறமும் ஒடியுமாறு மோதுவது. தலையும் காலும் ஒருங்கே முறியத் தாக்கிய வலிமையை அது காட்டும். இடையே புலவர், "மகிழினும் மகிழாவிடினும் தித்தன் இதனைக் காண்பானாக" என்னும் கருத்துப்பட ஓர் ஆசையை வெளியிடுகிறார். தித்தன் கிள்ளியின் தந்தை என்றும், மகனோடு பகைத்திருந்தான் என்றும் ஆராய்ச்சியாளர் கொள்வர். பாட்டு அதனை வெளிப்படையாகக் கூறவில்லை. எனினும், பாராட்ட மனமில்லாத ஒருவன் இதைப் பார்க்க வேண்டும் என்று புலவர் விரும்பியது தெளிவு. தம் கூற்றைப் பகைவன் கண்ணுக்கும் உட்படுத்தத் துணிந்தவர் பொய் புனைந்திருப்பார் என்று எண்ணுதல் அரிது.

82ஆம் பாட்டு போரின் விரைவைப் பாடுகிறது. ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னிக்கொண்டிருக்கும் தொழிலாளியின் கை ஊசி எவ்வளவு விரைந்து ஓடும்! ஊரைக் கொள்ள வந்த பொருநனோடு கிள்ளி செய்த போர் அவ்வூசியினும் விரைந்தது என்கிறார் புலவர். அரசகுலத்தான் ஒருவனின் ஆற்றலை அளக்க, அக்காலம் இழிந்தவன் என்று ஒதுக்கிய தொழிலாளியின் கைத்திறனையே அவர் அளவுகோலாக எடுத்தார். பட்டியாலாவில் காமா வென்ற ஒரு நிமிடத்தைக் கடிகாரம் அளந்தது. கடிகாரம் இல்லாத நாளில் சாத்தந்தையார் ஊசியால் அளந்தார். மற்போரில் விரைவு என்பது கைவேகம் மட்டுமன்று. எதிரி பிடியை மாற்றிக்கொள்ளும் முன் அவன் அடுத்த அசைவை அறிந்து முடிப்பது. பழகிய கை எண்ணாமல் இயங்கும் என்பதைக் கட்டில் பின்னுவோன் ஊசியைவிட நன்கு விளக்கும் உவமை வேறு கிடைத்தல் அரிது.

நக்கண்ணையார் பாட்டுகள் வேறு திறத்தன. அவர் கிள்ளியைக் காதலித்தவராகப் பாடுகிறார். கூழுண்டு வாழ்ந்தும் அவன் தோள் பெருத்திருப்பதை 84ஆம் பாட்டு கூறுகிறது. நாடிழந்து அயலூரில் எளிய உணவு உண்டு வாழ்ந்தவன் அவன் என்பது இதனாற் பெறப்படும். 85ஆம் பாட்டோ இன்றைய காப்பிக்கடை வழக்கையே நேரில் கேட்பது போன்றது. அவனுக்கு அது சொந்த ஊரும் அன்று; சொந்த நாடும் அன்று. ஆதலால் போர் முடிந்தபின் ஊரார் இரு பிரிவாகின்றனர். வெற்றி அவனுக்கே என்கின்றனர் ஒரு சாரார். இல்லை என்கின்றனர் மற்றொரு சாரார். அப்போது நக்கண்ணையார் காற்சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தம் இல்லத்துப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாகக் கூறுகிறார்.

இங்கு ஒரு தடை எழும். காதலித்தவள் சொல் சான்றாகுமா? பரிசில் பெறும் புலவர் பாட்டு சான்றாகுமா? இத்தடை தக்கதே. புறப்பாட்டில் புகழ்ச்சி மிகுதல் இயல்பு. 81ஆம் பாட்டில் படையின் ஆரவாரம் கடலினும் பெரிது என வருவதும் அத்தகைய மிகையே. ஆனால் நக்கண்ணையார் தமக்கு மாறான கருத்தை மறைக்கவில்லை. "இல்லை" என்ற சாராரையும் தம் பாட்டிலேயே இடம்பெறச் செய்தார். அவர்களை ஏசவும் இல்லை. இரு சாராரையும் நல்லோர் என்றே குறிக்கிறார். பின், தாம் எங்கே நின்று பார்த்தார் என்பதையும் சொன்னார். மாற்றுரையைச் சொல்லி, நின்ற இடத்தையும் சொல்லித் தாம் கண்டதைச் சொல்பவரே நல்ல சாட்சி. நாடிழந்து கூழுண்டவனைப் பாடிப் பெரும்பரிசில் பெற்றிருக்கவும் வழியில்லை.

குறையும் ஒன்று உண்டு. ஆமூர் மல்லன் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவன் வலிமை மிக்கவன் என்று சாத்தந்தையார் ஒப்புக்கொள்கிறார். ஊரின் பெயரே அவனுக்குப் பெயராக நின்றுவிட்டது. அவன் எளியவனாக இருந்திருப்பின் இரு கால்களாலும் அவனை மடக்க வேண்டியிராது. காமாவின் புகழில் ஸ்பிஸ்கோவுக்குப் பங்கு உண்டு. அவ்வாறே கிள்ளியின் புகழில் அப்பெயரிலிக்கும் பங்கு உண்டு.

ஆகவே, உலக மல்லருள் முதல்வன் கிள்ளி என்று கூறுதல் பொருந்தாது. அவனும் காமாவும் ஒரே களத்தில் நின்றவர் அல்லர். ஆனால் தமிழர்தம் போர்க்கலைக்குச் சான்று கேட்பின், எதிரியையும் பிடியையும் விரைவையும் கண்டவர் நின்ற இடத்தையும் ஒருங்கே கூறும் பாட்டுகள் நம்மிடம் உள்ளன. போதிதருமருக்கு இல்லாத போர்ப்புகழை ஏற்றிப் பேசும் தேவை தமிழ் மாணவனுக்கு இல்லை. இவ்வாறு பாட்டுகளையும் வகுப்பில் ஒருசேரப் படித்து, மூன்று கேள்விகளையும் அவனையே கேட்கச் செய்தால் போதும். இனி ஒருமுறை நண்பன் சான்று கேட்கும்போது, அவன் புறநானூற்றை எடுத்து அந்த இரு கால்களின் நிலையை விளக்கிக் காட்டுவான்.