பிள்ளைப் பாட்டில் இல்லாத மனிதர்

அண்மையில் குடாநாட்டின் கரையோரக் கிராமம் ஒன்றிலுள்ள முன்பள்ளிக்குச் சென்றிருந்தோம். ஆசிரியை ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து, “இது என்ன?” என்று வினவினார். பிள்ளைகள் பலரும் “மீன்” என்றனர். கடற்றொழிலாளி ஒருவரின் நான்கு வயது மகன் மட்டும் “ஓரா” என்றான். “ஓரா இல்லை, மீன் எண்டு சொல்லுங்கோ” என்று ஆசிரியை திருத்தினார். சிறுவன் அதன்பின் வாய் திறக்கவில்லை. அவனுக்குச் சொல்வளம் போதாது என்று பின்னர் நம்மிடம் வருந்தினார் அந்த ஆசிரியை.

படத்திலிருந்த மீன் ஓராவையே ஒத்திருந்தது. பிறர் பொதுப்பெயர் கூறினர்; அவன் சிறப்புப்பெயர் கூறினான். வகுப்பிலே மிகுந்த சொல்வளம் உடையவனே சொல்வறியன் ஆக்கப்பட்டான். இதனை ஓர் ஆசிரியையின் தவறென்று ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளுக்கு எச்சொற்களைக் கற்பிக்கத் தக்கவையென நாம் கருதி வந்துள்ளோம் என்ற பெரிய வினா இதற்குள் அடங்கியிருக்கின்றது.

சோவியத் உளவியலறிஞர் வைகோட்ஸ்கி, 1934இல் வெளிவந்த ‘சிந்தனையும் மொழியும்’ என்னும் நூலில் பூவையும் ரோசாவையும் எடுத்துக்காட்டாக ஆளுகிறார். இரண்டு சொற்களையும் அறிந்த குழந்தைக்கு அவை நெடுநாள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகவே நிற்கும். ரோசாவைப் பூ என்பது தன்னுள் அடக்கும் என்று உணரும் நாளிலேதான் அதன் உள்ளத்தில் கருத்துகளின் ஒழுங்கமைப்பு உருவாகத் தொடங்குகிறது. ஓராவும் மீனும் அவ்வாறே. “ஓராவும் மீன், பாரையும் மீன், திருக்கையும் மீன்” என்று ஆசிரியை கூறியிருப்பின் சிறுவன் ஒரு படி ஏறியிருப்பான். அவனோடு வகுப்பு முழுவதும் மூன்று சொற்களைப் பெற்றிருக்கும்.

பிள்ளை வாழும் உலகிலிருந்தே அதன் சொல்லை வளர்த்தல் நமக்குப் புதியதன்று. 1935இல் வெளிவந்த ‘பிள்ளைப் பாட்டு’ என்னும் தொகுதியும், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ‘சிறுவர் செந்தமிழ்’ப் பாடல்களும் யாழ்ப்பாணத்து மண்ணையே பாடநூலாக்கின. நாவலரின் பாலபாடங்கள் பிள்ளைக்கு ஒழுக்கத்தையும் சமயத்தையும் உரைநடையில் உணர்த்தின. புலவரோ பிள்ளையை அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் அழைத்துச் சென்றார்.

‘ஆடிப்பிறப்பு’ப் பாடலை எடுத்துக்கொள்வோம். அதனை விழாப் பாடல் என்றே பலரும் போற்றுவர். அதன் உண்மைச் சிறப்பு வினைச்சொற்களிலே உள்ளது என்பது நம் கருத்து. வறுத்தல், குற்றுதல், இடித்தல், தெள்ளுதல், துருவுதல், குழைத்தல், திரட்டுதல், கிள்ளுதல், கரைத்தல், துழாவுதல் என ஒரு பாடலுக்குள் எத்தனை தொழில்கள்! பயறும் பச்சரிசியும் தேங்காயும் மனித உழைப்பினால் கூழும் கொழுக்கட்டையுமாக மாறும் வரலாற்றைப் பிள்ளை வரிசைமுறையிலே கற்றுக்கொள்கிறது. பலாவிலையை மடித்துக் கோலும் தொழில் பிள்ளையினுடையது. பெயர்ப் பட்டியலை மனனம் செய்விக்கும் இன்றைய அட்டைப் படங்கள் இதற்கு அருகிலும் நிற்கமாட்டா.

ஆயினும் போற்றுவதோடு நின்றுவிடுதல் விமர்சகன் கடமையன்று. அந்தப் பானையிலே பனங்கட்டி விழுகின்றது. அதற்குரிய பதநீரை இறக்க மரமேறியவர் யார்? நெல்லை விளைவித்தவர் யார்? பாடலில் உழைக்கும் ஒரே மனிதர் அம்மா. கத்தரித் தோட்டத்து வெருளியைச் சேவகன் என விளித்துப் பாடிய புலவரின் கற்பனை இன்பந் தருவது. வைக்கோற் சேவகனுக்குக் கிடைத்த அவ்விடம், அத்தோட்டத்துக்கு நீரிறைத்த கூலியாளுக்குக் கிடைக்கவில்லை. புலவர் பொல்லாதவர் என்று நாம் கூறவில்லை. அவர் வாழ்ந்த சமூகம் கண்முன் நின்றோரைக் காணாதிருக்கப் பழகியிருந்தது என்கிறோம்.

அக்காலத்தை மறத்தல் தகாது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்துக் குரலெழுப்பியது. அரசின் உதவி பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம் வழங்க வேண்டுமென்ற கட்டளை 1929இல் பிறந்தது. அதனைப் பொறாதோர் பாடசாலைகளைக் கொளுத்தவும் செய்தனர். தாழ்த்தப்பட்ட பிள்ளை வாங்கில் அமர்வதற்கே தீயைக் கடக்க வேண்டியிருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி அதற்குப் பின்னரே.

இன்று வாங்கு எல்லோருக்கும் உண்டு. சொல்லுக்குச் சம ஆசனம் உண்டா? ‘எமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பில் நாம் கண்ட அட்டைகளில் வைத்தியர், பொலிஸ்காரர், தபாற்காரர், ஆசிரியர் இருந்தனர். சீவல் தொழிலாளி இல்லை. வலை இழுப்பவர் இல்லை. தெருவைத் துப்புரவு செய்பவர் இல்லை. பாளை, முட்டி, கருப்பநீர், பனங்கட்டி என்னும் சொற்களை வீட்டிலிருந்தே கொணரும் பிள்ளை, பள்ளிக்கு அவை ஆகா என்பதை நான்கு வயதிலேயே கற்றுக்கொள்கிறது. தந்தையின் தொழிற்பெயர் ஊரிலே வசையாகவும் வழங்குவதை அறிந்த பிள்ளை அச்சொல்லை விழுங்கிவிடும். விழுங்கிய சொல்லை எந்தத் தேர்வு அளக்கும்?

வெளியுலகிலும் இவ்வழக்கு நடந்துள்ளது. அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்னும் ஆய்வாளர் 42 குடும்பங்களை ஆராய்ந்து, வறியோர் பிள்ளைகள் நான்கு வயதுக்குள் 3 கோடி சொற்களைக் குறைவாகக் கேட்கின்றனர் என 1995இல் எழுதினர். தாயின் பேச்சோடு சுற்றத்தாரின் பேச்சையும் சேர்த்து எண்ணிய வேறோர் ஆய்வு, அவ்விடைவெளி அவ்வாறு காணப்படவில்லை என 2018இல் காட்டியது. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே ஏழையின் மொழி ஏழ்மையாகிறது.

‘பழைய சொற்களைப் பேணுங்கள்’ என்பதன்று நம் வேண்டுகோள். துலாவின் இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உலக்கையின் வேலையை ஆலை செய்கிறது. உழைப்பு மாறின் சொல்லும் மாறும். அதற்கு ஒப்பாரி வேண்டுவதில்லை. இன்றைய உழைப்பின் சொற்கள் இன்றைய பிள்ளைக்கு வேண்டும். பிள்ளைகளை ஒருநாள் சந்தைக்கும், ஒருநாள் மீன் இறங்குதுறைக்கும், ஒருநாள் மாவரைக்கும் ஆலைக்கும் அழைத்துச் செல்வோம். யார் பிடித்தார், யார் சுமந்தார், யார் விலை கூறினார் என்று அவர்களே கேட்கட்டும். வலை, தராசு, கூலி, கடன், பங்கு என்னும் சொற்கள் விடைகளோடு வந்து சேரும். சமூகக் கல்வி அங்கே தொடங்குகிறது. ஆங்கிலச் சொற்களை ஒப்புவித்தலே முன்பள்ளியின் பெருமை என நம்பும் பெற்றோருக்கும் இதனை விளக்குதல் நம் கடன். சொற்பக் கொடுப்பனவில் பணிபுரியும் முன்பள்ளி ஆசிரியைகளிடம் இதனை எதிர்பார்க்கும் சமூகம், அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் பயிற்சியையும் மறுத்தல் நீதியாகாது.

புலவரின் பாடலைப் பிள்ளைகள் தொடர்ந்து பாடட்டும். பாடி முடிந்ததும், “இந்தப் பனங்கட்டியை ஆர் செய்தது?” என்று கேட்போம். வகுப்பின் மூலையிலிருந்து, “எங்கட அப்பா” என்று ஒரு குரல் கூசாமல் எழ வேண்டும். அவ்விரு சொற்களுக்கும் இடமளிக்கும் பாடலை இனி நாம்தாம் எழுத வேண்டியிருக்கின்றது.