பெயரிலார் சான்றும் வாழ்வோர் வரலாறும்

வாழ்க்கை வரலாறு எழுதப் புகுவோனுக்கு இறந்தோரும் வாழ்வோரும் ஒரு தன்மையர் அல்லர். இறந்தாரைப் பற்றி எழுதுங்கால் கடிதங்களும் நாட்குறிப்புக்களும் அரசாங்க ஏடுகளும் பெரும்பாலும் கைக்கெட்டும். உடனிருந்தோரும் அச்சமின்றி வாய் திறப்பர். வாழ்வோரைப் பற்றி எழுதுங்காலோ ஏடுகள் பூட்டிக் கிடக்கும். உண்மை அறிந்தோர் தம் பதவியையும் நட்பையும் எண்ணி, பெயரை வெளியிடுவதில்லை என்ற உறுதிமொழி பெற்ற பின்னரே பேசுவர். ஆதலின் பெயரிலாச் சான்று இவ்விலக்கிய வகையுட் புகுந்தமைக்கு ஆசிரியரின் தீயநோக்கே காரணம் என்றல் பொருந்தாது. அச்சான்று எப்பணிக்கு உரியது, எப்பணிக்கு உரியதன்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நம் தருக்க நூலார் காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்தனர். அவருள் நியாய நூலார் உரையளவையை வரையறுக்குங்கால், அதனை ஆப்தன் ஒருவனது உபதேசம் என்றனர். சொல் அளவையாவது அதனைச் சொன்னவனின் தகுதியினால் என்பது அவர் கருத்து. சொன்னவன் கண்டவனோ கேட்டவனோ, பகைவனோ நண்பனோ, பொய் கூறுவதால் அவனுக்கு எய்தும் ஊதியம் உண்டோ இன்றோ என்பவை தெரிந்தாலன்றி அத்தகுதியை அளத்தல் இயலாது. பெயரை மறைக்கும் நூலாசிரியன் இவ்வளவுகோல் அனைத்தையும் தன் மடியிற் கட்டிக்கொண்டு, ‘நான் அளந்துவிட்டேன், நீர் நம்புக’ என்கின்றான். வாசகன் உண்மையில் நம்புவது சான்று கூறியவனையன்று, நூலாசிரியனையே.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு வூட்வேட், பேண்ஸ்ரீன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் இருவர் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறுதி நாட்கள்’ என்னும் நூல். பதவி துறந்த ஜனாதிபதி நிக்சன் அப்பொழுது உயிரோடிருந்தார். 394 பேரைக் கண்டு உரையாடியதாக நூன்முகம் கூறுகின்றது. எச்செய்தியை யார் கூறினர் என்பதோ நூலில் இல்லை. 1974 ஓகஸ்ற் 7 ஆம் நாள் இரவு நிக்சனும் கிசிஞ்சரும் தனித்திருந்து முழந்தாளிட்டு இறைவனை வேண்டியதும் நிக்சன் விம்மி அழுததும், ஆசிரியர் அருகே நின்று கண்டார் போல எழுதப்பட்டுள்ளன. அறையில் இருந்தவர் இருவரே. மூன்றாமவரான கதைசொல்லி நாவலாசிரியனுக்குரிய எல்லாமறியும் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு உட்புகுந்து விடுகின்றார்.

இந்நிகழ்ச்சி பின்னர்ப் பெயருடைய சான்றையும் பெற்றது. நிக்சன் 1978 இல் வெளிவந்த தம் நினைவு நூலில், தாமிருவரும் முழந்தாளிட்டதாக எழுதினார். கிசிஞ்சரோ 1982 இல் வெளியிட்ட நூலில், தாம் உண்மையில் முழந்தாளிட்டாரா என்பது தமக்குத் தெளிவாக நினைவில்லை என்றார். உடனிருந்த இருவருக்கே ஐயம் எஞ்சிய ஓரிடத்தில், பெயரிலாச் சான்றினாற் கட்டப்பட்ட நூலில் ஐயத்தின் நிழலும் இல்லை. செய்தி ஏறக்குறைய உண்மையாக முடிந்தமை அந்நூலின் நற்பேறு. ஆயின் 1976 இல் அதனைப் படித்தவனுக்கு அது உண்மையென அறிய வழி இருந்ததா? இல்லை என்றே யான் கருதுகின்றேன்.

அவ்விருவரே 1974 இல் வெளியிட்ட முந்திய நூலிற் கையாண்ட முறை இதனினும் சிறந்தது. வோட்டர்கேற் ஊழலைத் துருவியபோது அவர்க்கு உதவிய மறைபெயர் அதிகாரியின் சொல், வேறிடத்திற் பெற்ற செய்தியை உறுதி செய்தற்கும் துருவும் திசையைக் காட்டற்குமே பயன்படலாம் என்பது அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு. குற்றத்தை நிலைநாட்டியவை ஒலிநாடாக்களும் நீதிமன்றச் சாட்சியங்களும். அவ்வதிகாரி மார்க் ஃபெல்ற் என்பது 2005 இல் வெளிப்பட்டபோது, அவர் எஃப்.பி.ஐ. நிறுவனத்தில் இரண்டாம் நிலையில் இருந்தவர் என்பதும், தலைமைப் பதவி தமக்கு வாராமையால் மனக்குறை உடையராய் இருந்தார் என்பதும் பேசப்பட்டன. அம்மனக்குறையை வாசகர் அறிந்தது 31 ஆண்டுகளின் பின். எனினும் வழக்கு அவர் சொல்லை மட்டும் நம்பி நில்லாமையால் அதற்கு ஊறு நேரவில்லை.

இனி நமக்கு அணித்தான ஒரு வழக்கினை நோக்குவாம். சீமோர் ஹேர்ஷ் 1983 இல் கிசிஞ்சரைப் பற்றி ‘அதிகாரத்தின் விலை’ என்னும் பெருநூலை வெளியிட்டார். நூலின் தலைவரும் உயிரோடிருந்தார். அதனுட் குற்றஞ்சாட்டப்பட்ட மற்றொருவரான மொரார்ஜி தேசாயும் உயிரோடிருந்தார். 1977 முதல் 1979 வரை இந்தியப் பிரதமராயிருந்த தேசாய், அதற்கு முன்னர், ஜோன்சன் ஜனாதிபதியாயிருந்த காலத்தில், ஆண்டுக்கு 20,000 டொலர் பெற்றுக்கொண்டு சி.ஐ.ஏ. நிறுவனத்துக்குச் செய்தி கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. சான்று, பெயர் கூறப்படாத அமெரிக்க அதிகாரிகள். தேசாய் வன்மையாக மறுத்து, 50 மில்லியன் டொலர் இழப்பீடு கோரி அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு 1989 இல் சிக்காகோ நகரில் விசாரிக்கப்பட்டபோது தேசாய்க்கு வயது 93. கிசிஞ்சர் சாட்சிக் கூண்டேறி, தேசாய் கூலி பெற்றதாகத் தாம் அறியவில்லை என்றார். ஹேர்ஷ் தமக்குச் சொன்னோரின் பெயரை வெளியிடவில்லை. ஜூரிமார் ஹேர்ஷுக்குச் சார்பாகவே முடிவு கூறினர்.

இம்முடிவினைக் குற்றச்சாட்டுக்குக் கிடைத்த முத்திரை எனக் கொள்வோர் உளர். அது பிழை. 1964 ஆம் ஆண்டின் நியூ யோர்க் ரைம்ஸ் வழக்கும் அதன்வழி வந்த தீர்ப்புக்களும், பொதுவாழ்வினர் ஒருவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமாயின் கூற்றுப் பொய் என்பதையும், எழுதியவர் பொய்யென அறிந்தோ மெய்பொய் பாராத அசட்டையுடனோ எழுதினார் என்பதையும் அவரே நிலைநாட்ட வேண்டும் என விதித்துள்ளன. அதிகாரம் உடையோரைத் துணிந்து கண்டிக்கும் உரிமைக்கு இவ்விதி அரணாவது. அதனை யான் குறைகூறேன். ஆயின் பெயரிலாச் சான்றோடு அது கூடுமிடத்தில் விளைவது யாது? ஒருவர் தாம் செய்யாத செயலைச் செய்யவில்லை என நாட்டல் வேண்டும். அதனையும், செய்தார் எனச் சொன்னவர் இன்னார் என அறியாமலே நாட்டல் வேண்டும். குறுக்கு விசாரணை செய்தற்கு எதிரே ஆளில்லை. தேசாய் தோற்றார் என்பதினின்று அவர் கூலி பெற்றார் என்பது பெறப்படாது; அவ்வாறே, அவர் மறுத்தார் என்பதினின்று அவர் பெற்றிலர் என்பதும் பெறப்படாது.

பெயர் வெளிப்படின் தொழிலும் சில வேளை உயிரும் இழப்போரை என் செய்வது என்று வினவுவார்க்கு விடை கூறுதல் கடன். பெயரை மறைத்தல் வேறு, பெயரோடு பிற யாவற்றையும் மறைத்தல் வேறு. சான்று கூறியோர் எத்தனை பேர், அவர் தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா, ஒருவர் சொல்லை மற்றவர் திரும்பச் சொன்னாரா, குற்றஞ்சாட்டப்பட்டவரோடு அவர்க்குப் பகை உண்டா என்பவற்றைப் பெயர் கூறாமலே எழுதலாம். குற்றச்சாட்டை நூல் அச்சேறுமுன் உரியவர்க்கு அறிவித்து, அவர் விடையைக் குற்றச்சாட்டு நின்ற அதே பக்கத்தில் அச்சிடலாம். நூலின் இறுதியில் அடிக்குறிப்பாகத் தள்ளப்படும் மறுப்பு மறுப்பாகாது. குற்றத்தைப் படித்த பத்துப் பேருள் ஒருவர் அங்கே செல்வாரோ என்பது ஐயமே. பணம் வாங்கினார், நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்னும் அளவிற் பெரிய பழியாயின், ஏடாகவோ பெயருடைய ஆளாகவோ வேறொரு சான்று கிடைக்குமட்டும் அதனை ஆசிரியர் தம் பெட்டகத்தில் வைத்திருத்தலே முறை.

தமிழில் வாழ்வோர் வரலாறுகள் பெரும்பாலும் மணிவிழா மலர்களின் புகழ்மாலையாய் இருத்தலின், இவ்விடர்ப்பாடு நமக்கு இல்லையெனச் சிலர் எண்ணக்கூடும். புகழுக்கும் பெயரிலாச் சான்று உண்டு. ‘அறிந்தோர் கூறுவர்’ என்னும் தொடர் எத்தனை மலர்களில் எத்தனை அற்புதங்களைத் தாங்கி நிற்கின்றது! அத்தொடரைப் புகழ்ச்சியிற் பொறுத்துப் பழகிய கண், பழியில் வரும்பொழுதும் அதனைக் கடந்து போய்விடும்.

தேசாய் 1995 ஏப்பிரல் 10 ஆம் நாள், 99 வயதில் இறந்தார். இந்திய அரசியல் வரலாற்றை எழுதும் நம் உயர்தர மாணவர் சிலர், ஹேர்ஷின் நூலை நேரிற் பாராது பிறர் எடுத்தாண்டதைக் கண்டு, ‘தேசாய் சி.ஐ.ஏ.யின் ஒற்றர்’ என ஒரே வரியில் எழுதிவிடக் கூடும். எழுதவேண்டிய வரி வேறு: பெயர் கூறப்படாத அதிகாரிகளை ஆதாரமாகக் கொண்டு ஹேர்ஷ் 1983 இல் இவ்வாறு எழுதினார், தேசாய் மறுத்து வழக்காடினார், 1989 இல் ஜூரிமார் ஹேர்ஷின் பக்கம் தீர்த்தனர், சான்று கூறியோர் பெயர் அவ்வழக்கில் வெளியிடப்படவில்லை.