மிம்ஸ் எழுதாத பத்தாவது அத்தியாயம்

எலக்ட்ரானிக்ஸ் கத்துக்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே புத்தகம்தான்: ஃபாரஸ்ட் மிம்ஸ் எழுதிய ‘கெட்டிங் ஸ்டார்ட்டட் இன் எலக்ட்ரானிக்ஸ்’. 1983-ல் வந்தது, 128 பக்கம். மனுஷன் கையாலேயே எழுதி, கையாலேயே படம் வரைந்திருக்கிறார். மின்சாரம் என்றால் என்ன என்பதில் தொடங்கி, கடைசி அத்தியாயத்தில் 100 சர்க்யூட்களோடு முடிகிறது. கணக்கு போட்டு மிரட்டுவது கிடையாது. ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்யும் என்று காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

இனிமேலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. மொத்தம் ஒன்பது அத்தியாயம். அதில் எட்டாவது, பாகங்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்கிறது. அவற்றை எப்படி வாங்குவது என்பதற்கு அத்தியாயமே இல்லை.

இல்லாததற்குக் காரணம் உண்டு. புத்தகத்தை விற்றது ரேடியோஷாக். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த கடை. புத்தகம் தொங்கிய அதே கடையில்தான் 555, 741 எல்லாம் ஒன்றிரண்டாகச் சின்ன உறையில் தொங்கின. எந்த கம்பெனி, எந்த ரகம், எத்தனை என்ற முடிவையெல்லாம் கடையே எடுத்து, ஒரு கேட்லாக் எண்ணையும் கொடுத்துவிட்டது. வாசகர் உறையை எடுத்து காசு கொடுத்தால் போதும். அதாவது பத்தாவது அத்தியாயம் அந்தக் கடைதான். நாம் புத்தகத்தை மட்டும் இங்கே எடுத்துவந்துவிட்டோம்.

இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருவோம். சின்ன ஸ்பீக்கரை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயர் ஐசி வேண்டும். “அண்ணே, ஒரு 386 குடுங்க” என்றால் கிடைத்துவிடும். ஆனால் எல்எம்386-ல் என்-1, என்-3, என்-4 என்று ரகங்கள் உண்டு. முதல் இரண்டும் 12 வோல்ட் வரைதான். என்-4 மட்டும் 18 வோல்ட் வரை தாங்கும். 9 வோல்ட் பேட்டரி என்றால் எது வந்தாலும் கவலை இல்லை. வீட்டில் கிடக்கிற பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் கதை வேறு. ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர், சுமை குறைவாக இருக்கும்போது 15, 16 வோல்ட் கொடுக்கும். என்-1 தாங்கக்கூடிய உச்ச அளவே 15. ஆக, வாலில் இருக்கிற ஒரு எண்தான் ஐசி பிழைக்குமா புகையுமா என்பதை முடிவு செய்கிறது.

டிரான்சிஸ்டர் இன்னும் மோசம். அமெரிக்க சர்க்யூட்டில் 2என்3904 என்று போட்டிருக்கும். கடையில் “அது இல்ல தம்பி, இத போடுங்க” என்று பிசி547 தருவார்கள். ஏமாற்றவில்லை, பெரும்பாலான சின்ன சர்க்யூட்களுக்கு நல்ல மாற்றுதான். ஆனால் கால்களின் வரிசை நேர் எதிர். தட்டையான பக்கத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், 3904-ல் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். 547-ல் கலெக்டர், பேஸ், எமிட்டர். படத்தில் இருக்கிறபடியே செருகினால் டிரான்சிஸ்டர் சாகாது. கெயின் படுத்துவிடும், அரைகுறையாக வேலை செய்யும். எல்இடி மங்கலாக எரியும், அல்லது எரியாது.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ஒரு பத்தாம் வகுப்புப் பையன் எல்லாவற்றையும் சரியாகப் படித்து, சரியாகச் செருகியிருக்கிறான். ஆனாலும் ஓடவில்லை. “நமக்கு இது வராது போல” என்றுதான் அவன் நினைப்பான். தவறு கடை கவுண்டரில் நடந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது எண்ணிக்கை. பெரிய விநியோகஸ்தர்களிடம் ஒரு ரெசிஸ்டர் 10 சென்ட். அதையே ஆயிரக்கணக்கில், ரீலாக எடுத்தால் ஒன்று ஒரு சென்ட்டுக்கும் கீழே. அந்த 10 சென்ட் பெரும்பாலும் ரெசிஸ்டரின் விலை அல்ல. வெட்டி, எண்ணி, உறையில் போட்டு, லேபிள் ஒட்டுகிற கையின் கூலி. ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் “பத்தா எடுத்துக்கோங்க” என்று சொல்வதும் இதே கணக்குதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிஜிகீ என்ற பெரிய விநியோக நிறுவனம் 1970-களில் தொடங்கியதே, ஹாம் ரேடியோக்காரர்களுக்கு விற்ற ஒரு கீயர் கிட்டிலிருந்துதான். பெயரும் அதிலிருந்தே வந்தது. இன்றும் அங்கே ஒரே ஒரு ஐசி வாங்கலாம். இங்கே வந்து சேர குரியரும் சுங்கமும் ஐசி விலையைத் தாண்டிவிடும், அவ்வளவுதான்.

1983-ல் அமெரிக்கர்களுக்கு எழுதிய புத்தகத்திடம் போய் ரிச்சி ஸ்ட்ரீட்டைக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ரேடியோஷாக்கே 2015 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்துவிட்டது. இன்று அமெரிக்க வாசகருக்கும் அந்தக் கடை இல்லை. 2009-ல் வந்த சார்லஸ் பிளாட்டின் ‘மேக்: எலக்ட்ரானிக்ஸ்’ இதைப் புரிந்துகொண்ட புத்தகம். சோதனைகளுக்கு முன்னாலேயே வாங்க வேண்டியவற்றின் பட்டியலைத் தந்துவிடுகிறது. மிம்ஸ் அளவுக்கு அழகு இல்லை, ஆனால் வாசகரைக் கடை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது.

அந்தப் பத்தாவது அத்தியாயம் நாலு பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. ஐசி என்றால் வால் எழுத்தோடு முழு எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். மாற்று கொடுத்தால் வாங்குங்கள், ஆனால் செருகுவதற்கு முன் அதன் டேட்டாஷீட்டில் கால் வரிசையைப் பாருங்கள். ரெசிஸ்டரை நூறாக வாங்குங்கள். எல்லா மதிப்பும் வேண்டாம். 220 ஓம், 1கே, 4.7கே, 10கே, 100கே இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஐசி என்றால் இரண்டு, ஒன்று பாழாவதற்கு. விலை கூடின சென்சார் என்றால் ஒன்றே ஒன்று.

யாருக்காவது இந்தப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கிறீர்கள் என்றால், பின்னட்டையின் உள்பக்கம் பிசி547-ன் மூன்று கால்களையும் பேனாவால் வரைந்து கொடுத்துவிடுங்கள்.