மேக்குக்கு மாறலாமா?

கொல்கத்தாவின் காளிகாட்டில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் நான், பல ஆண்டுகள் ஆப்பிள் கணினியை வெறுத்தவன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியையாவது கேட்கிறது. என் கணினி அதற்கும் பழையது. புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றானபோது, என் வெறுப்புக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன்.

முதல் காரணம் பழுதுபார்ப்பு. காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஏழாவது நிறுத்தம் சாந்தினி சௌக். ராம் கூட்டவும், ஹார்ட் டிஸ்க் மாற்றவும், உடைந்த கீலைச் சரிசெய்யவும் அந்தச் சந்துகளில் ஆள் உண்டு. இந்த ஊரில் எத்தனையோ பேரின் கணினி அவர்கள் கையால் ஆயுள் நீண்டது. ஆப்பிள் சில்லு வைத்த மேக்புக்கில் அதில் பெரும்பாலானதற்கு இடமில்லை. ராமும் சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டவை. வாங்கும் நாளில் தேர்ந்த அளவுதான் கடைசி வரை. 2015 முதல் 2019 வரை வந்த மேக்புக்குகள் பலவற்றின் ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகையில் தூசி புகுந்தால் விசை சிக்கிக்கொள்ளும். 2018இல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை அறிவித்த ஆப்பிள், அமெரிக்க வழக்கொன்றில் 2022இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த விசைப்பலகை 2020க்குள் ஒழிந்தது. பற்றவைப்பு ஒழியவில்லை. மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவும் இன்று அதே வழியில் போகின்றன என்பது ஆப்பிளை நியாயப்படுத்தாது.

ஆயுளிலும் குறை உண்டு. 2020 மார்ச்சில் வெளிவந்த இன்டெல் மேக்புக் ஏர், 2025இல் வந்த டஹோ இயங்குதளத்துக்குத் தகுதி பெறவில்லை. 2019இல் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது பழைய 32-பிட் மென்பொருள்கள் மொத்தமாக நின்றுபோயின. பழையதைக் காப்பாற்றுவதில் விண்டோஸ் எவ்வளவோ பொறுமையானது.

விலை? 2020இல் எம்1 ஏர் ₹92,900க்கு வந்தது. 2025இல் எம்4 ஏர் ₹99,900க்கு, இரட்டிப்பு ராமோடு. முன்னைவிட நியாயம்தான். ஆனாலும் எழுத்தை நம்பி வாழ்பவருக்குப் பெரிய தொகை.

எதிர்த்தட்டில் வைக்க என்ன இருக்கிறது? இங்கே ஆப்பிளின் வரலாறே உதவுகிறது. 1998இல் இன்டெல் சில்லை நத்தையின் முதுகில் ஏற்றி விளம்பரம் செய்த நிறுவனம் அது. 2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அதே இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம், செலவாகும் ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பது. 2020இல் இன்டெலைக் கைவிட்டுச் சொந்தச் சில்லுக்குப் போனபோதும் அதே கணக்குத்தான். அதன் பலன் கைக்கு எட்டுகிறது. மேக்புக் ஏரில் விசிறி கிடையாது, இரைச்சல் கிடையாது. சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அலிப்பூர் தேசிய நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்து எழுத முடிகிறது. நாளெல்லாம் எழுதுபவருக்கு இது ஆடம்பரம் ஆகாது.

எடை கூடவேண்டிய இடம் தமிழ். ‘மேக்கில் தமிழ் வராது’ என்பது நெடுநாள் பேச்சு. அதற்குக் காரணம் இருந்தது: அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் என நம்மவர்கள் உழைத்துத் தந்த கருவிகள் விண்டோஸுக்கானவை. ஆனால் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மேக்கிலேயே சேர்ந்து வந்தது. அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. எதையும் தரவிறக்க வேண்டாம். விண்டோஸிலும் இன்று தமிழ்99 உள்ளேயே கிடைப்பதால், ஒருங்குறியில் எழுதுபவருக்கு இரண்டும் சமம். அந்தப் பழைய குற்றச்சாட்டு செத்துவிட்டது.

அச்சகக்காரர் நிலை வேறு. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை முதலில் மேக்கிண்டாஷுக்கே வெளியிட்டது. தமிழ் அச்சகங்களில் அது வேரூன்றியது விண்டோஸில். டிஸ்கி, டேப் என்னும் பழைய குறியேற்றங்களிலும், எழுத்துரு நிறுவனங்களின் தனிக் குறியேற்றங்களிலும் அடுக்கிய புத்தகங்கள் இன்னும் பேஜ்மேக்கர் கோப்புகளில் கிடக்கின்றன. இன்றைய மேக்கில் பேஜ்மேக்கர் ஓடாது. அந்தக் கோப்புகளைத் தவிர வேறு மூலம் இல்லாத பதிப்பாளர் மேக்குக்கு மாறினால், தன் பட்டியலின் பாதியைத் தானே பூட்டிவிடுகிறார்.

ஆகவே என் தீர்ப்பு: ஒருங்குறியில் எழுதும் எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர் ஆகியோர் மேக்குக்கு மாறலாம், நான் மாறிவிட்டேன், திரும்பும் எண்ணமில்லை. பழைய எழுத்துருக்களோடு வாழும் அச்சகமும் சிறு பதிப்பகமும் இப்போது மாறக்கூடாது. பழுதுபார்ப்பைப் பொறுத்தவரை ஆப்பிள் மீதான என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. மாற முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்டோஸ் கணினி உயிரோடு இருக்கும்போதே உங்கள் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றி, சரிபார்த்து, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.