‘யோல்’ பெற்ற புகழும் பெறாத திறனாய்வும்

படைப்பாளியின் வாழ்க்கையை அறிந்தே படைப்பை ஆராய்தல் வேண்டும் என்பர் சிலர். அறிவதில் தவறில்லை. ஆயின், அவ்வாழ்க்கையே படைப்பை மறைத்து நிற்குமாயின் திறனாய்வு தன் கடமையில் தவறியதாகும். 1982-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில், ‘மிஸ்ஸிங்’ என்னும் படத்துடன் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்ட ‘யோல்’ என்னும் துருக்கிப் படம் பெற்ற வரவேற்பு இதற்குத் தக்க சான்று. ‘யோல்’ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள்.

நீதிபதி ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற இல்மாஸ் குனெய், சிறையிலிருந்தவாறே இதன் திரைக்கதையை எழுதினார். அவர் தந்த விரிவான குறிப்புகளைக் கொண்டு ஷெரிஃப் கோரென் படத்தை இயக்கினார். 1981-இல் தப்பி வெளியேறிய குனெய், சுவிட்சர்லாந்தில் படத்தைத் தொகுத்து முடித்து, கான் விழாவிலும் நேரில் தோன்றினார். இத்தகைய வரலாறு எந்த இதழாளரைத்தான் கவராது? 1980-இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத்திற்கு எதிரான குரல் என்றே மேலைநாடுகளில் படம் பெரிதும் போற்றப்பட்டது. படப்பிடிப்புக் களத்தில் நின்று உழைத்த கோரெனின் பெயர் பின்னுக்குப் போயிற்று, இது நேர்மையன்று.

தாய்நாட்டு மக்களோ தீர்ப்புச் சொல்லவே இயலாதவராயினர். துருக்கியில் படம் தடைசெய்யப்பட்டது. ‘குர்திஸ்தான்’ என்னும் சொல் திரையில் எழுத்தாய்த் தோன்றியதும் அரசின் சினத்திற்கு உரியதாயிற்று. 1984-இல் குனெய் பாரிசில் மறைந்தார். 1999-இல்தான் துருக்கித் திரையரங்குகள் படத்திற்குத் திறந்தன. யாருடைய வாழ்க்கையைப் படம் காட்டியதோ, அவர்கள் அதனைக் காணப் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இராணுவ எதிர்ப்பு படத்தில் இல்லாமல் இல்லை. எல்லைப்புறக் குர்தியச் சிற்றூரில் ஒலிக்கும் துப்பாக்கிச் சூடே போதும். எனினும், விடுப்பில் வெளிவரும் ஐந்து கைதிகளை அவரவர் இல்லங்களில் எதிர்கொள்வது அரசு மட்டுமன்று. குலப்பெருமையும் பழிவாங்கும் வழக்கமும் அங்கே காத்திருக்கின்றன. மெஹ்மத் சாலியையும், அவனை நம்பி உடன் வந்த மனைவி எமினேயையும் புகைவண்டியில் சுட்டுக் கொல்பவன் படைவீரன் அல்லன். அவளுடைய உடன்பிறந்த இளைஞனே.

செயித் அலியின் கதை இன்னும் கொடிது. ஒழுக்கம் தவறினாள் என்று அவன் மனைவி ஸினேயைப் பெற்ற குடும்பமே சங்கிலியிட்டு அடைத்து வைத்திருக்கிறது. கணவனே அவளைக் கொல்ல வேண்டும் என்பது உறவினர் எதிர்பார்ப்பு. கொல்லவும் மனமின்றி, மன்னிக்கவும் துணிவின்றி, பனி மூடிய மலைவழியே அவளை நடத்திச் செல்கிறான். அவள் குளிரில் விறைத்து வீழ்ந்தபின் அவன் நெஞ்சம் இளகுகிறது. உறங்கிவிடாதிருக்க இடைவாரால் அடிக்கிறான். பின் முதுகில் சுமக்கிறான். அவளோ பிழைக்கவில்லை. தண்டிக்கும் கருவியே உயிர் காக்கும் கருவியாக மாறும் இக்காட்சிக்கு நிகரானதொன்றை நான் திரையில் மிகச் சிலவே கண்டிருக்கிறேன். கைதியாக வந்தவன் தன் மனைவிக்குச் சிறைக்காவலனாக நிற்கிறான் என்பதே படத்தின் உயிர்நிலை. இராணுவத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பாராட்டுரைகள் இதனைத் தொடாமலே சென்றன.

குறையும் உண்டு. ஐந்து கதைகளும் ஒத்த வலிமை உடையன அல்ல. அனுமதிச் சீட்டைத் தொலைத்துத் தடுத்து வைக்கப்படும் யூசுப்பின் கதை தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதனினும் பெரிய குறை, பெண்களின் துயரைச் சொல்ல வந்த படம் அவர்களை ஆண்களின் கண்வழியே காட்டுவது. பனியில் நடக்கும் ஸினே என்ன எண்ணினாள் என்பதைக் காட்ட, படம் அவளுடன் சற்று நின்றிருக்கலாம்.